காற்றாலைக்கு ஒரு செவ்வந்தி மாலை

ஏணி நிற்கவில்லை. பிரச்சினை அவ்வளவுதான்.

கமலநாயகி ஆறு முழச் செவ்வந்தி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றாலையை அண்ணாந்து பார்த்தாள். நான்கு இறக்கைகளும் கூட்டல் குறி போல நேராக நின்றன. ஒன்று வானத்தைப் பார்க்க, ஒன்று பூமியைப் பார்க்க, மற்ற இரண்டும் கைகளை விரித்ததுபோல இரு பக்கமும். பூமியைப் பார்த்த இறக்கையின் நுனியில் மாலை கட்ட வேண்டும். அதற்கு நேர் கீழே கற்படிகள். ஏணியின் ஒரு கால் மேற்படியிலும் மற்றக் கால் கீழ்ப்படியிலும் நின்று நொண்டியது. இரண்டு கம்பு ஏறினாள். ஏணி சரியப் பார்த்தது. இறங்கிவிட்டாள்.

ஜேர்மனியில் ஒக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை. ஆயுத பூசை. அன்று காலை அவளுடைய கணவர் அரியரத்தினம் தன் ஸ்பானர் பெட்டிக்கும் பழைய ஓப்பல் காருக்கும் சந்தனம் வைத்தபோதே கதை தொடங்கிவிட்டது.

"கார் உங்களை வேலைக்குக் கொண்டுபோகுது, அதுக்கு வைக்கிறியள். எனக்கு வேலை தாற மில்லுக்கு நான் வைக்க வேண்டாமோ?"

"அது டொச்சுக்காரற்ற மில். அதுக்கு எங்கட பூசை விளங்குமோ?"

"உங்கட காரும் டொச்சுக்காரன் செய்ததுதானே?"

அரியரத்தினம் காரின் மூக்கில் தான் வைத்த சந்தனப் பொட்டைப் பார்த்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்னர் கமலநாயகி இந்த ஆலைக்குக் கூட்டித் துடைக்கத்தான் வந்தாள். ஹம் நகரத்துக்கு வெளியே, வயல்களின் நடுவில், ஒரு மண்மேட்டின் மேல் நின்ற ஆலை. நூற்றைம்பது வயது. கூரை விழுந்து, காகம் கூடு கட்டி, இடிப்பதற்கு நாள் பார்த்திருந்ததை ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து ஒன்பது வருடம் பாடுபட்டுத் திருத்தி எடுத்தார்கள். அதை ஓட்டியவர் டீக்மன் என்ற கிழவர். வாய் பேசாத மனிதர். கமலநாயகிக்கும் அப்போது ஜேர்மன் மொழி வராது. இருவருக்கும் நன்றாகப் பொருந்திவிட்டது.

ஒரு சனிக்கிழமை அவள் விளக்குமாற்றோடு போகிற போக்கில், கல்லின் கீழிருந்து வழிந்த மாவை ஒரு கிள்ளு எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். பிட்டு மாவில் பழகிய கை, தானாகப் போயிற்று. "சூடு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டாள். டீக்மன் தானும் தேய்த்துப் பார்த்தார். பேசாமல் போய் மேற்கல்லை ஒரு மயிரளவு உயர்த்தினார். மறுபடி தேய்த்துப் பார்த்தார். "விளக்குமாற்றை வையுங்கள். என்னோடு மேலே வாருங்கள்" என்றார்.

மேலே போனவள் இன்றுவரை மனதால் கீழே இறங்கவில்லை.

இறக்கைகள் பிடிக்கிற காற்றை ஒரு கிடைத் தண்டு உள்ளே கொண்டுவருகிறது. அதில் ஆளைவிட உயரமான, பல் வைத்த சக்கரம், பற்சில்லு. அது ஒரு நிமிர்ந்த தண்டைத் திருப்ப, அந்தத் தண்டு மூன்று மாடித் தட்டுக் கீழே கல்லைத் திருப்புகிறது. பல்லெல்லாம் மரம். எண்ணெய்க்குப் பதில் தேன்மெழுகு. கல்லுக்கு மேலேயுள்ள தானியப் பெட்டியை ஒரு தடி டக்கு டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். காற்று வேகமாக வந்தால் தட்டும் வேகமாகும், தானியமும் கூட விழும். காற்றுத் தளர்ந்தால் தானியமும் குறையும். பசிக்குத் தக்க சாப்பாடு. யாரும் பக்கத்தில் நின்று பரிமாறத் தேவையில்லை. பெட்டி வெறுமையானால் ஒரு சின்ன மணி தானாக அடித்துக் கூப்பிடும்.

எல்லாவற்றிலும் அவளை மயக்கியது பற்களின் கணக்கு. பெரிய சில்லின் பற்களும் சின்னச் சில்லின் பற்களும் ஒன்றையொன்று சரியாக வகுக்காத எண்ணிக்கை. அதனால் ஒரு பல் எந்நேரமும் அதே பல்லோடு முட்டித் தேயாது. ஒவ்வொரு பல்லும் எதிரேயுள்ள எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். இதை அவள் வீட்டில் சொன்னபோது அரியரத்தினம் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"எங்கட ஊர்ச் சங்கத்தையும் அந்தத் தச்சனிட்டக் குடுத்திருக்க வேணும். எந்த நாளும் அதே ரெண்டு பேர்தான் முட்டுப்படுகினம்."

இப்போது டீக்மனுக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை. இரண்டு கிழமையாகப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனிப் படியேறக் கூடாதாம். ஆலையை யாரிடம் கொடுப்பது என்று சங்கம் செவ்வாய்க்கிழமை கூடிப் பேசியது. கமலநாயகி கேட்டிருந்தாள். கார்ல்ஸ்ரூஹேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரும் கேட்டிருந்தார். முடிவு கடிதத்தில் வரும் என்று சங்கத் தலைவி ஃபிறாவ் லோமன் சொன்னா. புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. கடிதம் வரும்வரை ஆலைக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு கமலநாயகியின் மேலங்கிப் பையில் கனத்தது.

அவளுக்குப் பெரிதாக நம்பிக்கை இல்லை. எஞ்சினியருக்கு அந்தப் பற்கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்ட வரும். அவளுக்குக் கைதான் தெரியும். கையை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது? ஆனாலும் பூசையை விட மனம் வரவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஆறு வருடம் பழகியதற்கு ஒரு மரியாதை செய்யத்தானே வேண்டும்.

ஏணி நிற்காவிட்டால் என்ன, இறக்கை நகருமே. படிகளுக்கு அப்பால் ஒரு பாகம், இரு கைகளையும் விரித்த அளவு தூரத்தில், நல்ல சமமான புல். கமலநாயகி பிரேக் கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே மரக்கட்டைகள் சில்லை விட்டு விலகும் சத்தம் கேட்டது. துணி விரிக்காத வெறும் சட்டங்கள்தான், ஆனாலும் இளங்காற்றுக்கு அசைந்து கொடுத்தன. கீழ் இறக்கை படிகளைத் தாண்டி, புல்லின் மேல் வந்தது. கயிற்றை இழுத்தாள். நின்றது. அத்தனை பெரிய உருவம், ஒரு கயிற்றுக்கு இப்படிக் கட்டுப்படுகிறதே என்று வழக்கம்போல் நெஞ்சு பூரித்தது.

ஏணி சமமாக நின்றது. மாலையும் ஏறியது. வெள்ளைச் செவ்வந்தி. இந்த ஊரில் செவ்வந்தி விற்கிற ஒரே கடை, செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையின் வாசலில் இருந்தது. நேற்று அங்கே ஒரு வாளிப் பூவையும் வாங்கியபோது, பூக்காரி தயங்கித் தயங்கி "யாருக்கு?" என்று கேட்டாள். "ஆலைக்கு" என்றாள் கமலநாயகி பெருமையாக.

உள்ளே போய்க் கல்லுக்கும் பற்சில்லுக்கும் தானியப் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கற்பூரம் கொளுத்த ஏலாது. மாத்தூள் பறக்கிற இடத்தில் நெருப்புக் காட்டினால் ஆலையே தீபமாகிவிடும். ஆகவே டோர்ச் லைட்டை எடுத்து மூன்று தரம் சுற்றிக் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கூச்சமாக இருந்தது.

வெளியே வந்தபோது பக்கத்துப் பண்ணைக்காரர் ஹெல்மிக் நின்றார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். அவர் அவளுடைய கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார்.

"ஃபிறாவ் அரி, எனது ஆழ்ந்த அனுதாபங்கள்."

ஃபிறாவ் என்றால் திருமதி. அரியரத்தினம் என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்தைத் தாண்ட அந்த ஊரில் யாருக்கும் வராது. அதைக் கமலநாயகி எப்போதோ மன்னித்துவிட்டாள். 'அனுதாபங்கள்' என்ற சொல்தான் அவளுக்குப் புதிது. ஆனால் இந்த நாட்டில் விளங்காத எதற்கும் பொருந்துகிற ஒரு பதிலை அவள் வைத்திருந்தாள். வாரக்கடைசி வாழ்த்துக்கும், சாப்பாட்டு வாழ்த்துக்கும், புதுவருடத்துக்கும் பிழைக்காமல் உதவிய பதில்.

"நன்றி. உங்களுக்கும் அப்படியே."

ஹெல்மிக் ஒரு அடி பின்னால் போனார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, துயரத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள் என்று முடிவு செய்தவர்போலத் தலையாட்டினார்.

"இவ்வளவு சடுதியாக! சன்னலால் இறக்கையைப் பார்த்தேன். மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். அந்தப் பூவையும் பார்த்தவுடன்..." மாலையைக் கைகாட்டினார். "ஏதும் உதவி வேண்டுமென்றால் நான் வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

அவர் போய்ச் சில விநாடி கழித்துத்தான் கமலநாயகி இறக்கையைப் பார்த்தாள். பார்த்தவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டீக்மன் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று அது. ஆலை நின்றாலும் பேசும். கீழ் இறக்கை நேர்க்கோட்டுக்கு வர ஒரு பாகம் இருக்கும்போது நிறுத்தினால், 'வருகிறது'. ஆலைக்காரர் வீட்டில் சந்தோஷம். பிள்ளை பிறந்திருக்கும், கல்யாணமாக இருக்கும். நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு பாகம் போனபின் நிறுத்தினால், 'போய்விட்டது'. ஆலைக்காரர் வீட்டில் சாவு.

"ஊரில் வேறு யாராவது செத்தால்?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அதற்குக் கோயில் மணி இருக்கிறது. ஆலை, தன் ஆலைக்காரரின் வீட்டுக்கு மட்டும்தான் பேசும்."

ஆலைக்காரர் ஆஸ்பத்திரியில். இறக்கை தாண்டி நிற்கிறது. அதில் சேமக்காலைப் பூவில் ஆறு முழ மாலை.

"ஐயோ, பிள்ளையாரே" என்று எழும்பி, வேலியை நோக்கி ஓடினாள். "ஹெர் ஹெல்மிக்! ஹெர் டீக்மன் உயிரோடுதான் இருக்கிறார்!"

ஹெல்மிக் திரும்பினார். முகம் கனிந்தது. "ஆமாம், கடவுளுக்கு நன்றி. அதுவாவது ஒரு ஆறுதல்."

கமலநாயகி வேலியைப் பிடித்தபடி நின்றாள். பக்தியான மனிதர். நித்திய வாழ்வைப் பற்றிச் சொல்கிறார். அவரோடு எப்படி வாதாடுவது?

ஆலையின் சின்ன அலுவலகத்தில் தொலைபேசி இருந்தது. அரியரத்தினத்துக்குப் பின்னேர வேலை. வீட்டில்தான் இருந்தார்.

"இஞ்சருங்கோ, நான் டீக்மனைச் சாக்காட்டிப் போட்டன்."

மறுமுனையில் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் வைபடும் சத்தம் கேட்டது.

"என்னத்தால?"

"மாலையால."

"அசையாமல் நில்லும். ஒருத்தரோடையும் ஒண்டும் கதையாதையும். நான் வாறன்."

பத்து நிமிடத்தில் சந்தனப் பொட்டோடு ஓப்பல் வந்து மேட்டடியில் நின்றது. அரியரத்தினம் இறங்கியதும் வேலிக்கு அப்பால் ஹெல்மிக் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த கணம் வாய்க்காலைத் தாண்டிப் பாய்ந்து வந்து, அரியரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நீங்கள்! நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்!"

"ஓம்... ஆமாம். சுகம்."

"பிள்ளைகள்?"

"அவர்களும் சுகம்."

"இரண்டு பேருமா?"

"இரண்டு பேரும்தான்."

"ஊரில்? அப்பா, அம்மா?"

"இரண்டு பேரும் இருக்கிறார்கள். மனைவியின் அப்பா அம்மாவும் இருக்கிறார்கள். முந்தநாள்தான் கதைத்தோம்."

ஒவ்வொரு பதிலுக்கும் ஹெல்மிக்கின் முகம் மலர்ந்தது. மலர மலரக் குழம்பியது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனார்.

"என்ன தங்கமான மனுசன்" என்றார் அரியரத்தினம், கையை உதறிக்கொண்டு. "பத்து வருசத்தில ஒரு டொச்சுக்காரன் என்ர குடும்பத்தை இவ்வளவு விசாரிச்சதில்லை."

"அதைப் பிறகு ரசிப்பம். முதல்ல இறக்கையை நேராக்க வேணும்."

"பின்னுக்கு ஒரு பாகம் தள்ளினாச் சரிதானே?"

"ஏலாது. பின்னுக்குப் போகாமல் உள்ளுக்கு ஒரு தடுப்பு இருக்கு. இது முன்னுக்கு மட்டும்தான் போகும். அடுத்த இறக்கை கீழ வந்து நேரா நிக்கிற வரைக்கும் விட்டுப் பிடிக்க வேணும்."

"அப்ப விடும்."

கயிற்றை விட்டாள். மாலை போட்ட இறக்கை மெல்ல எழுந்து, வலப் பக்கமாக உயர்ந்தது. அடுத்த இறக்கை இடப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தது. இன்னும் நாலு பாகம், மூன்று, இரண்டு. கமலநாயகி கயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பாகம்.

காற்று நின்றுவிட்டது.

வயலில் ஒரு புல் அசையவில்லை. இறக்கை நேர்க்கோட்டுக்கு ஒரு பாகம் முன்னால், அளந்து நிறுத்தியதுபோல் நின்றது.

"கிட்டத்தட்ட வந்திட்டுது" என்றார் அரியரத்தினம். "காணும்தானே?"

"காணாது!" அவளுக்கு அழுகை வந்தது. "இப்ப இது 'வருகிறது'. ஆலைக்காரர் வீட்டில கொண்டாட்டம் எண்டு அர்த்தம்."

"ஆலைக்காரர்தானே செத்துப்போனார்?"

"அதுதானப்பா! டீக்மன் செத்ததை நான் மாலை போட்டுக் கொண்டாடுறன் எண்டு நினைக்கப்போகினம். திறப்புக்கு ஆசைப்பட்டவள் எண்டு."

அப்படிச் சொன்னபோது அவளுக்கே சுருக்கென்றது. ஆசைப்படவில்லையா? அந்தக் கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, திறப்பை அவள் கையில் வைத்தபோது, கவலைக்கு நடுவே ஒரு குளிர்ந்த சந்தோஷம் ஓடியதே, அது என்ன? அதை ஆலை பார்த்துவிட்டது. பார்த்ததை இப்போது ஊருக்கு எழுதிக் காட்டுகிறது.

மேட்டுப் பாதையில் ஃபிறாவ் லோமன் வந்துகொண்டிருந்தா. முன்னாள் ஆசிரியை. கறுப்புக் கோட்டு, கறுப்புக் கையுறை, கையில் மூடிய சூப்புப் பானை. வீட்டை விட்டுப் புறப்பட்டபோது இறக்கை துக்கத்தில் நின்றிருக்கும். இப்போது நிமிர்ந்து பார்த்தா. நடை நின்றது. இறக்கையைப் பார்த்தா, மாலையைப் பார்த்தா, சந்தனப் பொட்டு வைத்த காரைப் பார்த்தா. அரியரத்தினத்தைக் கண்டதும் "ஓ! இவர் இருக்கிறார்" என்று நெஞ்சில் கை வைத்தா.

"ஃபிறாவ் அரி, மன்னிக்க வேண்டும். அனுதாபம் சொல்வதா, வாழ்த்துச் சொல்வதா?"

கமலநாயகி இறக்கையைக் காட்டி, இரண்டும் இல்லை என்று தலையாட்டினாள்.

"பரவாயில்லை" என்று பானையை நீட்டினா ஃபிறாவ் லோமன். "சூப் இரண்டுக்கும் பொருந்தும். இன்றைக்கு நீங்கள் அடுப்பு மூட்ட வேண்டாம்."

இங்கேயும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லைப் போலும் என்று கமலநாயகி நினைத்துக்கொண்டாள். டீக்மனுக்கு வீட்டில் யாரும் இல்லை. ஆகவே சூப் வேலைக்காரியிடம் வருகிறது.

"ஃபிறாவ் லோமன், இது பிழை. எங்கள் சமயத்தில் இன்று..." பதற்றத்தில் அவளுடைய ஜேர்மன் அவளைக் கைவிட்டது. கருவி என்ற சொல் வரவில்லை. வந்தது வேறொன்று. "இன்று நாங்கள் ஆயுதங்களைக் கும்பிடுகிற நாள்."

"ஆயுதங்களையா?"

"ஆம். காரும் ஆயுதம். இந்த ஆலையும் எனக்கு ஆயுதம்தான்."

ஃபிறாவ் லோமன் பானையைப் படியில் வைத்தா. மெதுவாகப் பின்னால் நடந்தா.

"சங்கத்தின் கடிதம்..." என்று கமலநாயகி தொடங்கினாள்.

"இன்னும் வரவில்லையா? புதன்கிழமையே போட்டேனே. இந்த நேரத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டாம். நான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

எல்லோரையும்!

"கமலா," என்றார் அரியரத்தினம், சேர்ட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. "காத்து இல்லாட்டி என்ன, நான் இருக்கிறன். ஒரு பாகம்தானே. தள்ளிவிடுறன். நேரா வந்த உடன கயித்தை இழும்."

"மெல்லத் தள்ளுங்கோ. அது பாரமப்பா. நிக்கிற வரைக்கும்தான் நிக்கும், வெளிக்கிட்டா..."

"நான் எத்தனை காரைத் தள்ளியிருக்கிறன்."

படிகளுக்கு இந்தப் பக்கம் நிலம் உயரம்; அங்கே நின்று இறக்கை நுனியில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அசையவில்லை. இரண்டாம் தள்ளு. அசையவில்லை. மூன்றாவதை முருகனைக் கூப்பிட்டுத் தள்ளினார். அதே நேரத்தில் வயலுக்கு அப்பாலிருந்து, இவ்வளவு நேரமும் எங்கோ இளைப்பாறிக்கொண்டிருந்த காற்று வந்தது.

இறக்கை அவர் தோளை விட்டுப் போயிற்று. நேர்க்கோட்டைக் கடந்தது. "இழும்! இழும்!" என்று அவர் கத்த, கமலநாயகி இழுக்கவில்லை. ஓடுகிற சில்லை வெடுக்கென்று பிடித்தால் மரப்பல் உடையும். தன் மானத்துக்காக அந்தப் பல்லில் ஒன்றை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. அடுத்த இறக்கை வரட்டும் என்று விட்டாள். வந்தது. கயிற்றை மெல்ல மெல்ல இறுக்கினாள். மரம் முனகி, தளர்ந்து, ஓய்ந்தது.

ஒரு பாகம் தாண்டி.

மாலை போட்ட இறக்கை இப்போது உச்சியில் இருந்தது. ஊரில் எந்தச் சன்னலைத் திறந்தாலும் தெரியும்.

"திரும்பவும் செத்திட்டார்" என்றார் அரியரத்தினம் மெல்லிய குரலில்.

பாதையில் கறுப்புக் கோட்டுகள் தெரிந்தன. பத்து, பதினைந்து பேர். முன்னால் ஃபிறாவ் லோமன். பின்னால் சேமக்காலைப் பூக்காரி, கையில் ஒரு வளையம் பூ. நடுவில் ஹெல்மிக், வேட்டி மாற்றுகிற அவசரத்தில் வருகிற உறவுக்காரர்போல, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே.

"ஓடுவமோ?" என்று கேட்டார் அரியரத்தினம்.

"மில்லைத் திறந்து போட்டிட்டோ?"

அவள் ஓடவில்லை. மேலங்கிப் பையிலிருந்து திறப்பை எடுத்தாள். பெருவிரல் தேய்த்துத் தேய்த்து அதன் வளையம் மினுங்கியது. கேட்கும் முன்னரே கொடுத்துவிடுவது மரியாதை. எஞ்சினியர் நல்லவராக இருக்கக்கூடும். தேன்மெழுகு எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வைக்கலாம். மேற்குக் காற்றுக்கு இரண்டாம் தட்டில் ஒரு மரம் முனகும், அது பயப்பட வேண்டிய சத்தம் இல்லை என்றும் எழுத வேண்டும். அதை எப்படி எழுதுவது? அந்த முனகலுக்கு அவளிடம் தமிழிலும் சொல் இல்லை. அண்ணாந்து பார்த்தாள். தன் மேல் இவ்வளவு பழி விழுந்த பிறகும் ஆலை கொஞ்சமும் குனியவில்லை. வெள்ளை மாலையோடு, பூசை முடிந்த சாமிபோல நின்றது. நீ வடிவாய்த்தான் இருக்கிறாய் என்று மனதுக்குள் சொன்னாள். எனக்கு அது போதும்.

கூட்டம் மேட்டடியில் வந்து நின்ற அதே நேரம், ஒரு டாக்ஸி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து ஓப்பலை இடிக்காத குறையாக நின்றது. பின்கதவு திறந்தது. முதலில் இரண்டு ஊன்றுகோல்கள் வெளியே வந்தன. அவற்றைத் தொடர்ந்து கறுப்புச் சூட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் கறுப்புத் தொப்பியுமாக ஹெர் டீக்மன் இறங்கினார்.

அரியரத்தினம் "முருகா" என்று காருக்குப் பின்னால் போனார்.

கமலநாயகி எதிர்பார்த்தது கூச்சல். செத்தவர் எழும்பி வந்தால் யாராவது ஒருவராவது கத்த வேண்டாமா? யாரும் கத்தவில்லை. ஹெல்மிக் போய் அவருக்குத் தோள் கொடுத்தார். பூக்காரி வழிவிட்டாள். கிழவர் ஒவ்வொரு படியாக, படியேறக் கூடாத இடுப்போடு, ஏறி வந்தார். வந்து, மூச்சு வாங்க, தொப்பியைக் கழற்றினார்.

கமலநாயகி திறப்பை நீட்டினாள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள், ஹெர் டீக்மன். இதை வாங்கிக்கொள்ளுங்கள்."

அவர் திறப்பைப் பார்க்கவே இல்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்தார். காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த அரியரத்தினத்தைப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"யார், ஃபிறாவ் அரி?" என்றார். "யார் இறந்தது?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நீங்கள்" என்றாள்.

டீக்மன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். ஊர் முழுவதும் வாயைத் திறந்தபடி நின்றது. டாக்ஸிக்காரர் சன்னலால் தலையை நீட்டினார்.

"அதெப்படி? ஊரிலிருந்து யாரோ போன் எடுத்தார்களாம், ஆஸ்பத்திரியிலிருந்து வழி நெடுக, 'எங்கள் ஆலைக்காரி வீட்டில் சாவு, வேகமாய் ஓட்டு, வேகமாய் ஓட்டு' என்று இந்த மனிதர் என் உயிரை எடுத்தாரே... அந்த ஆலைக்காரி நீங்கள் இல்லையா?"